பர்வா

"சிரிக்காதீங்கப்பா! இப்பவாவது சிரிக்காம இருங்க!"

கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் கெஞ்சினாள். அப்பா கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு எதுவாக இருந்தாலும் சரி, கதவைத் திறந்துகொண்டு வந்தால் அவருக்குத் தானாக அந்தச் சிரிப்பு வந்துவிடும். உதடு மட்டும் விரியும். கண் தரையைப் பார்க்கும். முதுகு, படுத்திருக்கும்போதுகூட, நிமிரப் பார்க்கும்.

குடலில் ஓட்டை. வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. விடிந்ததும் பல் தேய்க்கப் போனவர் குளியலறையில் சுருண்டு விழுந்து, இப்போது காலை ஒன்பது ஐம்பது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மானிட்டரைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று புரிந்திருக்க வேண்டும்.

"வலி எவ்வளவு இருக்காம்? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள?" என்று அந்த ஊர் மொழியில் கேட்டாள்.

"பத்து," என்றாள் மகள்.

"அவரைக் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டாள். அப்பா யோசித்தார்.

"ரெண்டு போடச் சொல்லு," என்றார். "ஒண்ணுன்னா நம்ப மாட்டாங்க."

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கேள்வி. வேறு டாக்டர், வேறு அறை. சுவரில் ஐந்து முகங்கள் வரைந்த அட்டை. முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். உங்கள் வலிக்கு எந்த முகம் என்று கேட்டதற்கு அப்பா முதல் முகத்தின் மேல் விரல் வைத்தார். "எப்படி இருக்குன்னு கேக்கறாங்கப்பா." "பரவாயில்லை." மகளுக்கு மதிய இடைவேளையில் பன்னிரண்டு நிமிஷம்தான் பாக்கி. பல் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. நாள் முழுக்க, வருகிறவர்களை எல்லாம் எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்கிறவள், தன் அப்பாவின் பரவாயில்லையை "குறைஞ்சிருக்காம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஒன்பது வயதிலிருந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவள்தான் வாய். பள்ளிக்கூடம், வாடகை ஆபீஸ், ஆஸ்பத்திரி, எல்லா இடத்திலும். அந்த ஒரு வார்த்தைதான் அவளை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. இன்னொரு வாய் சோறு வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. உள்ளே வரலாமா என்றால், வாங்க, பரவாயில்லை. காய்ச்சல் விட்டால் பரவாயில்லை. காலை மிதித்தவனுக்கும் பரவாயில்லை.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னாள். உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். திறந்தால் பிழைக்க வாய்ப்பு பத்துக்கு நாலு. திறக்காவிட்டால் சாயங்காலம் தாண்டாது. "சம்மதத்தை அவரே சொல்லணும். நான் மொழிபெயர்ப்பாளரைப் பிடிச்சுட்டு வரேன்."

"நான் இருக்கேனே!"

"குடும்பத்து ஆள் கூடாது. போன மாசம் ஒரு மகன் அம்மா சொன்னதை மாத்திச் சொல்லிட்டான். பெரிய வம்பாயிடுச்சு. இப்ப இதான் விதி."

டாக்டர் வெளியே போனதும் அப்பாவின் சிரிப்பு அணைந்தது. முகம் வியர்த்துக் கொட்டியது. அம்மா தன் கைக்குட்டையால் ஒற்றினாள். அப்பாவின் கட்டைவிரல் மட்டும் பெட்ஷீட்டின் ஓரத்தை நெருடிக்கொண்டிருந்தது.

"இது நம்ம இடத்துது," என்றார்.

"என்னதுப்பா?"

"ஓரம் பாரு. சுருக்கம் விழுந்திருக்கு. மூணாம் நம்பர் உருளை. பெல்ட் தேஞ்சுபோச்சு." மூச்சு வாங்கினார். "அடுத்த வாரம் புது பெல்ட் வருது. நான் இல்லேன்னா தலைகீழா மாட்டிடுவானுங்க, மடப்பசங்க."

ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்து, இஸ்திரி போட்டுக் கொடுக்கிற தொழிற்சாலை அது. ஆள் உயர உருளைகள் ஆவி கக்கிக்கொண்டு சுற்றும். ஈரமான பெட்ஷீட்டை இந்தப் பக்கம் ஊட்டினால் அந்தப் பக்கம் மொடமொடவென்று விழும். இருபது வருஷமாக அப்பா மூன்றாம் நம்பரில். முழங்கைக்குக் கீழே பதினோரு சூட்டுத் தழும்பு.

அவரோடு அதே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர் மீசைக்காரர். வேறொரு நாட்டிலிருந்து வந்தவர். அவர் நாட்டில் கவுண்டரைத் தட்டிக் கத்தினால்தான் காகிதம் நகருமாம். முதல் வாரமே மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். அந்த ஊர் மொழியில் அவருக்கு முப்பது வார்த்தைதான் தெரியும், அதிலும் பாதி கெட்ட வார்த்தை. கையுறை கொடுக்காவிட்டால் மிஷினை நிறுத்துவேன் என்று கூரை பறக்கக் கத்தினார். எல்லோருக்கும் கையுறை வந்தது. அப்புறம் யூனியன், அப்புறம் சூப்பர்வைசர் நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடப் பத்துப் பேர், அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் முதல் வரிசை. கத்திக் கத்தியே ஊருக்குள் நுழைந்துவிட்டார்.

அப்பா கத்தவில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் ரிப்போர்ட் எழுத வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முறையும் அப்பா அதே பரவாயில்லையைச் சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கேட்டுக் கேட்டு அதுதான் அவர் பேர் என்று நினைத்துவிட்டார்கள். முழுசாகச் சொல்ல நாக்கு சுளுக்கிக்கொண்டதால் பர்வா. லாக்கரில் பர்வா. பிறந்தநாள் கேக்கில் பர்வா. அப்பா திருத்தவே இல்லை. திருத்துவதும் ஒரு புகார்தானே.

"அப்ப ஆபரேஷன் பண்ணிக்கலாமாப்பா?"

"பின்னே? பெல்ட்டை யாரு மாட்டறது?" அம்மாவைப் பார்த்தார். "ஏய், என் பச்சைச் சட்டையை எடுத்துட்டு வந்தியா? முதுகு தெரியற இந்தக் கவுனோட வீட்டுக்கு வரமாட்டேன்."

"வந்தா என்ன? முப்பது வருஷமா பாக்கற முதுகுதானே," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் பெருமூச்சு விட்டாள். போதும். இது போதும். அப்பாவுக்கு வேண்டும். அதை அவர் வாயால் சொல்லிவிட்டால் முடிந்தது.

டாக்டர் டேப்லட்டைக் கட்டில்மேஜையில் நிறுத்தினாள். படம் இல்லை. குரல் மட்டும். கணீரென்ற ஆண் குரல்.

"வணக்கம். மொழிபெயர்ப்பாளர் எண் நான்கு, ஏழு, ஒன்று. இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. நோயாளி தமது முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் தெரிவிக்கவும்."

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். மடியிலிருந்த பை கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

அந்தக் குரலில் ஒரு தப்பும் இல்லை. மரியாதையான குரல். ஆனால் அது அங்கேயிருந்து வந்த குரல். அங்கே, அவர்கள் விட்டுவந்த நாட்டில், மகள் பிறப்பதற்கு முந்தின வருஷம், பெரியப்பா ஒரு அரசாங்க ஆபீஸ் கவுண்டரில் போய் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "எங்க தெருவுக்கு மூணு மாசமா தண்ணி வரலைங்க." உள்ளே இருந்தவர் இதே மாதிரி மரியாதையாக முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். நாலாம் நாள் வண்டி வந்தது. செருப்பு மாட்டக்கூட விடவில்லை. பெரியப்பா திரும்பி வரவில்லை. செருப்பு ரொம்ப நாள் வாசலிலேயே கிடந்ததாம். எடுத்து உள்ளே வைக்கவும் பயம்.

இங்கே வந்த பிறகும் அந்த நோட்டுப் புத்தகம் கூடவே வந்துவிட்டது. இலவச மொழி வகுப்பு என்றார்கள். பெயர் பதிய வேண்டும் என்றதும் அப்பா வாசலோடு திரும்பினார். அடுக்குமாடியில் லிஃப்ட் ரிப்பேருக்கு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து கேட்டு வந்தபோது, விளக்கை அணைத்துவிட்டு மூன்று பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறம் மாடிப்படியில் யாரும் அவர்களுக்கு வணக்கம் சொல்வதில்லை. திமிர் பிடித்தவர்கள் என்று பேர்.

அப்பா பெயரைச் சொன்னார். தேதியைச் சொன்னார். குரல் கேட்டது: "தங்களுக்கு உடனடி அறுவை சிகிச்சை செய்ய மருத்துவர் முன்வருகிறார். தங்கள் பதில்?"

ஊசி குத்தியிருந்த கையையும் சேர்த்து அப்பா கும்பிட்டார். பார்க்க ஆளில்லாத டேப்லட்டைப் பார்த்து.

"பரவாயில்லைங்க."

குரல் அந்த ஊர் மொழியில் டாக்டரிடம் சொன்னது: "பரவாயில்லை, தேவையில்லை என்கிறார்."

"ஐயோ, அப்படிச் சொல்லலை!" மகள் பாய்ந்தாள். "டாக்டர், அது வேற. செய்யுங்க, பரவாயில்லைன்னு அர்த்தம். இப்பதான் எங்கிட்ட செய்யலாம்னு சொன்னார்! சார், நீங்களே சொல்லுங்க, அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமும் உண்டா இல்லையா?"

"சொந்தக் கருத்து சொல்ல எனக்கு அனுமதி இல்லை," என்றது நான்கு ஏழு ஒன்று.

டாக்டர் அவளையும் டேப்லட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டவள் இல்லை. "பத்து நிமிஷம் தரேன்," என்றாள். "அவர்கிட்ட பேசுங்க. மறுபடி கேக்கறேன். வேணும், வேண்டாம், ரெண்டுல ஒண்ணு. வேற வார்த்தை வேண்டாம்." டேப்லட்டின் ஒலியை அடக்கிவிட்டு வாசலருகே போய் நின்றாள்.

மகள் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அப்பா. வேணும். மூணு எழுத்து. அவ்வளவுதான். சொல்லுங்கப்பா."

"அந்தக் குரல் கேட்டியா?"

"அவர் மொழிபெயர்க்கறவருப்பா. சம்பளத்துக்கு வேலை பாக்கறவர். என்னை மாதிரி."

"அங்கத்து ஆளு."

"இருக்கட்டுமே!"

"உன் அத்தை இன்னும் அங்கதான் இருக்கா. அவ பசங்க இருக்காங்க." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "நான் இங்க ஒரு குறை சொன்னா, அங்க அவ வாசல்ல வண்டி நிக்கும்."

"ஆபரேஷன் வேணும்னு சொல்றது குறை இல்லப்பா. இவங்க அவங்க இல்லை. எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, நீயாவது சொல்லேம்மா!"

அம்மா வாயைத் திறந்தாள். ஒலி அடங்கிக் கிடந்த டேப்லட்டைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அப்பா மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். சூட்டுத் தழும்புகள் எல்லாம் வியர்வையில் பளபளத்தன. குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொல்றதை எழுதிக்கறாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பொய். ஆனால் அவள் விதிகளோடு வளர்ந்தவள். இந்த ஊரில் எழுத்தில் இருந்தால்தான் எதுவும் நடக்கும் என்று பழகியவள். அவசரத்தில், நல்லதுக்குத்தான் என்று, வாயிலிருந்து வந்துவிட்டது:

"ஆமாப்பா. எழுதினாத்தான் ஆபரேஷனே பண்ணுவாங்க."

மணிக்கட்டை விட்டார்.

டாக்டர் வந்து ஒலியைத் திறந்தாள். குரல் கேட்டது: "அறுவை சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா?"

"வேண்டாங்க," என்றார் அப்பா. தெளிவாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. "எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்க."

சிரித்தார்.

டாக்டர் கேஸ் அட்டையில் எழுதினாள். பேனா ஓடுகிற சத்தத்தை அப்பா கடைசி எழுத்துவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் தாழ்வாரத்துக்கு ஓடினாள். போன் இரண்டு தரம் நழுவியது. மூன்றாவது முயற்சியில் மீசைக்காரர் எடுத்தார். பின்னால் உருளைகளின் இரைச்சல்.

"என்னாச்சு? பர்வா எங்கே? காலையிலேர்ந்து மூணாம் நம்பர் அநாதையா நிக்குது."

சொன்னாள். பாதி அழுகை, பாதி கத்தல்.

"நான் கேட்டா சொல்லுவான்," என்றார் மீசைக்காரர். "பெல்ட் மோசம்னு எங்கிட்டதான் சொன்னான். இருபது வருஷத்துல ஒரே புகார். நானும் அவனும் இந்த ஊர் மொழியில அம்பது வார்த்தை வெச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்தறோம். எனக்குப் புரியற மொழி டாக்டருக்கும் புரியும்ல? நடுவுல எவனும் வேண்டாம்ல?"

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. ஆமாம்! உருளைப் பக்கம் நின்று மீசைக்காரரிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை அப்பா சொல்கிற வார்த்தை அந்த ஊர் மொழியின் 'ஆமாம்'தான். டாக்டர் முன்னால் அதை ஒரு தடவை சொல்லிவிட்டால் டேப்லட்டும் வேண்டாம், நான்கு ஏழு ஒன்றும் வேண்டாம்.

"எவ்வளவு நேரத்துல வருவீங்க?"

"அரை மணி. கத்தினா இருபது நிமிஷம்."

உள்ளே ஓடி டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் தலையசைத்தாள். "அவரே நேரா சொன்னா போதும். ஆபரேஷன் தியேட்டரைத் தயாரா வெக்கச் சொல்றேன். ஆனா சீக்கிரம்."

பத்து நாற்பத்தைந்து. மகள் அப்பாவின் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "உங்க மீசைக்காரர் வரார்ப்பா. தூங்காதீங்க. மீசை வருது, பாருங்க." அந்தப் பெயருக்கு அப்பாவின் உதடு ஒரு பக்கம் கோணியது. இது வேறு சிரிப்பு. கண்ணும் சேர்ந்தது.

பதினொன்று. "பெல்ட்டை எப்படி மாட்டணும்னு சொல்லுங்கப்பா." அப்பா விரலால் காற்றில் ஒரு வளையம் போட்டார். வளையம் பாதியில் நின்றது.

பதினொன்று ஐந்து. மானிட்டர் அலறியது.

நர்ஸுகள் அவளையும் அம்மாவையும் சுவரோரம் தள்ளினார்கள். திரையை இழுத்தார்கள். திரைக்கு அடியில் கால்கள் மட்டும் ஓடின.

பதினொன்று பன்னிரண்டுக்கு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மீசைக்காரர், பின்னால் மூன்று பேர், எல்லோரும் தொழிற்சாலையின் நீலச் சட்டையோடு, ஆவி மணத்தோடு. லிஃப்ட்டுக்குக்கூட நிற்கவில்லை.

"எங்கே அவன்? டாக்டர் எங்கே? யார் இங்க பொறுப்பு?" என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். ஒரு காவலாளி எட்டிப் பார்த்தான்.

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.

"நினைவு போயிடுச்சு," என்றாள். "ரத்த அழுத்தம் பிடிக்கவே இல்லை. இப்ப மயக்க மருந்து கொடுத்தா மேஜையிலேயே போயிடுவார்."

"கொடுத்துப் பாருங்களேன்! என்ன இப்ப? கெட்டுப் போறதுக்கு இனிமே என்ன இருக்கு?" மீசைக்காரர் சுவரைத் தட்டினார். "எவன்கிட்ட கத்தணும் சொல்லுங்க, நான் கத்தறேன்!"

டாக்டர் கையிலிருந்த அட்டையைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் நினைவோட சொன்னதுதான் இதுல இருக்கு. வேண்டாம்னு. ரெண்டு தடவை."

கத்துவதற்கு யாரும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மீசைக்காரருக்குக் கவுண்டர் கிடைக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே போனார். குனிந்து, அந்த ஐம்பது வார்த்தைகளில் நாலைந்தைக் காதில் சொன்னார். பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பெட்ஷீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு அப்பா இறந்தார்.

தாழ்வாரத்து நாற்காலியில் அம்மா பச்சைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. யாராவது ஒரு காகிதத்தோடு கடந்துபோனால் மட்டும் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். எதிர்ச் சுவரோரம் நாலு நீலச் சட்டைகள் வரிசையாக நின்றன.

மீசைக்காரர் மகளிடம் வந்தார். மேல்பாக்கெட்டிலிருந்து பேனாவையும், துணிமூட்டையில் ஒட்டுகிற சீட்டு ஒன்றையும் எடுத்து நீட்டினார்.

"நோட்டீஸ் போர்டுல போடணும். உருளையை எல்லாம் ஒரு நிமிஷம் நிறுத்தணும்னு சொல்லப்போறேன், மேனேஜர் கிடக்கான்." தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதே. பேரை ஒழுங்கா எழுதணும். பர்வா, அவ்வளவுதானா, இல்லே இன்னும் நீளமா இருக்கா?"

அவள் பேனாவை வாங்கினாள்.

"இன்னும் நீளம்," என்றாள். சீட்டை முழங்காலில் வைத்தாள். பேனா முனை காகிதத்தில் தொட்ட இடத்தில் ஒரு மைப்புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது.

தாழ்வாரத்துக் கோடியிலிருந்து தள்ளுவண்டி வந்தது. வெளுத்து, மடித்து, ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்ஷீட்டுகள். அடுக்குக்குப் பின்னால் தள்ளுகிறவனுக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை. சக்கரம் அம்மாவின் பாதத்தின் மேல் ஏறி இறங்கியது.

அவன் பதறிப்போய் வண்டியை நிறுத்தினான். கையெடுத்து, குனிந்து, அந்த ஊர் மொழியில் மன்னிப்பு கேட்டான். கட்டைவிரல் நகத்தோரம் ரத்தம் கசிந்தது. அம்மா பாதத்தைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு அவனை அண்ணாந்து பார்த்தாள். உதடு விரிந்தது.

"பரவாயில்லை."

எதிர்ச் சுவரோரம் நின்றிருந்த நாலு பேரும், யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, சட்டென்று திரும்பி வார்டு கதவைப் பார்த்தார்கள்.